சலாமிஸ் கடற்போரை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஆடுவது எப்படி: முதல்முறை ஆடுபவர்களுக்கு

பாரசீகக் கடற்படையைக் கிரேக்கர் ஒடுங்கிய நீரிணையில் எதிர்த்த பழங்காலப் போர்தான் சலாமிஸ். அதை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற கணினி விளையாட்டில் மிஷனாக ஆடி நான் ஆறு முறை தோற்றேன். ஆறு முறையும் காரணம் ஒன்றுதான் என்பது ஏழாவது முறை ஜெயித்த பிறகுதான் புரிந்தது. என்னிடம் கப்பல் குறைவாக இருந்ததில்லை. இருந்த கப்பல்களை நீரிணையை விட்டு வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தேன். நீங்கள் இரண்டாவது முறையிலாவது ஜெயிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

விளையாட்டில் வரும் கிரேக்கப் படையெடுப்புத் தொடரில் சலாமிஸ் தனி மிஷனாக இல்லை. ஆகவே சினாரியோ எடிட்டரில் (சொந்த மேப்பும் மிஷனும் உருவாக்க விளையாட்டிலேயே இருக்கும் பகுதி) நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை அமைத்துவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம். கீழே தரும் விலைகளும் பலங்களும் அசல் விளையாட்டில் உள்ளவை. உங்கள் பதிப்பில் ஏதாவது மாறியிருந்தால், அந்தப் பொத்தான்மேல் மவுஸை வைத்தாலே சரியான எண் தெரியும். கட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. எதை வாங்குவது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது

2018-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் போதும். ஸ்டீமில் கிடைக்கிறது. அவசரமில்லை என்றால் தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள், பழைய விளையாட்டு என்பதால் அடிக்கடி விலை குறையும். 1997-இன் அசல் சிடி வீட்டில் இருந்து, அது உங்கள் கணினியில் ஓடினால் அதிலும் ஆடலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, மேப் வரைய ஒரு மாலை வேண்டும். ஆட ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். வரைந்து களைத்த கண்ணோடு ஆடினால் கடைசி இருபது நிமிடத்தில் கை தடுமாறும்.

2. மேப் வரைதல்

இங்கேதான் பாதி வெற்றி இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எடிட்டரைத் திறந்ததும் நடுத்தர அளவில், முழுக்கத் தண்ணீராக ஒரு மேப் எடுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஏதென்ஸ் நகரம் உள்ள அட்டிகாவின் கரையை வரையுங்கள். அது பாரசீகர் கையில் இருக்கும் நிலம். மேற்கில் சலாமிஸ் தீவு. தீவின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட மூக்குபோல நிலம் கடலுக்குள் நீளும், அதன் பெயர் கினோசூரா. நீரிணையின் வாயில் சிட்டாலியா என்று ஒரு குட்டித் தீவு. தீவுக்கும் அட்டிகாவுக்கும் நடுவே வளைந்து போகும் ஒடுங்கிய தண்ணீர்தான் போர்க்களம்.

நீரிணையின் அகலம் மிக முக்கியம். முதல் மேப்பில் நான் அதை நான்கு கட்டம் அகலத்துக்கு வரைந்தேன். இந்த விளையாட்டில் கப்பல்கள் வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் கிடையாது. என் கப்பல்களே ஒன்றையொன்று முட்டி, திரும்ப முடியாமல் வாயில் அடைத்துக்கொண்டு நின்றன. பாரசீகர் வெளியே நின்று சாவகாசமாக அம்பு விட்டார்கள். எட்டு முதல் பத்துக் கட்டம் அகலம் வையுங்கள். ஆறு கப்பல் பக்கவாட்டில் நிற்க இடம் இருக்கும், எதிரிக்கு அதற்குமேல் பரந்து நிற்க இடம் இருக்காது.

மேற்கே மெகாரா பக்கம் இன்னொரு வாய்க்கால் உண்டு. உண்மையான போரில் பாரசீகர் அந்தப் பக்கத்தையும் அடைத்தார்கள் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. முதல்முறை ஆடும்போது அதை நிலம் வரைந்து மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் கணினி ஆட்டக்காரர் இரண்டு கப்பலைப் பின்பக்கமாக அனுப்பி உங்கள் மீன்பிடிப் படகுகளை ஒவ்வொன்றாக முடித்துவிடுவார். நீங்கள் கவனிக்கும்போது உணவு வரத்தே நின்றிருக்கும். இரண்டாவது, மூன்றாவது ஆட்டத்தில் திறந்துகொள்ளலாம்.

சலாமிஸ் தீவில் மரம் அடர்த்தியாக வையுங்கள். தங்கம் கொஞ்சமாக ஒரே ஒரு இடத்தில், கல் ஒரு இடத்தில். ஏதென்ஸின் கப்பற்படைக்குக் காசு கொடுத்த லாவ்ரியன் வெள்ளிச் சுரங்கம் அட்டிகாவில் இருந்தது. ஏதென்ஸைக் காலி செய்துவிட்டுத் தீவுக்கு வந்தவர்களுக்கு அது எட்டாது. தங்கத் தட்டுப்பாடு இருந்தால்தான் இந்த மிஷன் மிஷனாக இருக்கும்.

தென்மேற்கு மூலையில் எகினா என்று ஒரு சிறிய தீவு, அதில் ஒரு டவுன் சென்டர் (ஊரின் மையக் கட்டடம்), ஒரு டாக் (கப்பல் கட்டும் துறை), இரண்டு வில்லேஜர் (வேலையாள்). இதன் பயன் ஐந்தாம் பகுதியில் வரும்.

3. ஆட்டக்காரர்களை அமைத்தல்

பிளேயர்ஸ் பக்கத்தில் நான்கு பேர். நீங்கள் கிரேக்கர். எகினா மூன்றாவது ஆட்டக்காரர், அவரும் கிரேக்கர். எதிரிகள் இருவர்: பாரசீகர், ஃபினீசியர். பாரசீக மன்னர் செர்க்சஸின் கடற்படையில் ஃபினீசியக் கப்பல்கள் இருந்தது உண்மை, அதனால் தைரியமாகச் சேருங்கள்.

எல்லாரும் வெண்கல யுகத்தில் தொடங்கட்டும். கற்காலத்திலிருந்து தொடங்கினால் பெர்ரி பறிப்பதிலேயே முதல் அரை மணி நேரம் போய்விடும்.

உங்களுக்கு உணவு 400, மரம் 600, தங்கம் 200, கல் 300. எதிரிகள் இருவருக்கும் உணவு 1000, மரம் 1500, தங்கம் 800. பார்க்க அநியாயமாகத் தெரியும். கணினி ஆட்டக்காரருக்கு இவ்வளவு கொடுக்காவிட்டால் அவர் சோம்பேறியாக உட்கார்ந்துவிடுகிறார், நாம்தான் தேடிப்போய் அடிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் தீவில் டவுன் சென்டர், தானியக் களஞ்சியம், ஸ்டோரேஜ் பிட், மார்க்கெட், ஒரு டாக், எட்டு வில்லேஜர், மூன்று ஸ்கவுட் ஷிப் (தொடக்கநிலைப் போர்க்கப்பல்) வையுங்கள். எதிரிகளுக்கும் டவுன் சென்டரும் டாக்கும் மரமும் கரையோரத்தில் இருக்க வேண்டும். என் இரண்டாவது மேப்பில் பாரசீகர் பக்கம் காடு வரைய மறந்துவிட்டேன். முதல் அலை கப்பல்கள் முடிந்ததும் அவர்களால் ஒன்றும் கட்ட முடியவில்லை.

டிப்ளமசி பக்கத்தை மறக்காதீர்கள். எகினாவை உங்களுக்கு நண்பர் என்றும், உங்களை எகினாவுக்கு நண்பர் என்றும் இரண்டு பக்கமும் குறிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறித்தால் எகினாவே உங்கள்மீது அம்பு விடும். பாரசீகர், ஃபினீசியர் இருவரையும் அதேபோல ஒருவருக்கொருவர் நண்பராக்குங்கள். எகினாவுக்கும் அவர்களுக்கும் நடுநிலை போதும், இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் எகினா அழிந்துவிடும்.

வெற்றி நிபந்தனையில் பாரசீகரின் டாக்கைத் தேர்ந்தெடுத்து, அதை அழித்தால் வெற்றி என்று வையுங்கள். "எல்லாவற்றையும் அழி" என்று வைத்தால் போர் முடிந்த பிறகும் அட்டிகாவில் ஒளிந்திருக்கும் ஒரு வில்லேஜரைத் தேடி அரை மணி நேரம் அலைய வேண்டும். மெசேஜஸ் பக்கத்தில் இந்த இலக்கை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்துத் திறக்கும்போது உங்களுக்கே உதவும்.

முடித்ததும் சேவ் செய்யுங்கள். டெஸ்ட் செய்து பார்த்த பிறகு வேறு பெயரில் இன்னொரு பிரதி சேவ் செய்யுங்கள். ஒரே கோப்பின்மேல் மேலெழுதி, நன்றாக இருந்த மேப்பை ஒருமுறை கெடுத்துக்கொண்டேன்.

4. கணக்கு: யாருக்கு எது பலம்

ஆடத் தொடங்கும் முன் இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் ட்ரைரீம் (துடுப்பால் ஓடும் பெரிய போர்க்கப்பல்) மோதித் தாக்காது, தூரத்திலிருந்து அம்பு விடும். உண்மையான ட்ரைரீம் முன்முனை வெண்கல இடிமுனையால் எதிரிக் கப்பலின் விலாவைக் குத்தும். அந்தப் பழக்கத்தை எதிர்பார்த்து எதிரியை நெருங்கிப் போகாதீர்கள்.

கிரேக்கப் போர்க்கப்பல்களுக்கு வேகம் அதிகம். பாரசீக ட்ரைரீம்கள் அடுத்தடுத்து அம்பு விடும் வேகம் அதிகம். ஃபினீசியருக்குக் கல் எறியும் கேட்டபல்ட் ட்ரைரீமில் அதே சலுகை உண்டு. ஆக, ஒன்றுக்கு ஒன்று நேருக்கு நேர் நின்றால் பாரசீக ட்ரைரீம்தான் ஜெயிக்கும். வெட்டவெளியில் பத்துக்குப் பத்து நின்றாலும் அப்படியே. உங்கள் கையில் இருப்பது வேகமும் இடமும் மட்டுமே.

இன்னொரு கணக்கு. வார் கேலிக்கு (ட்ரைரீமுக்கு முந்தைய படிப் போர்க்கப்பல்) உயிர் 160, ஒரு அடிக்கு 8. பத்துக் கப்பல்கள் ஒரே எதிரியைக் குறிவைத்தால் ஒரு சுற்றில் 80, இரண்டே சுற்றில் கப்பல் மூழ்கும். அதே பத்தும் ஆளுக்கொரு கப்பலை அடித்தால் முதல் கப்பல் மூழ்க இருபது சுற்று வேண்டும், அதுவரை பத்து எதிரியும் உங்களைத் திருப்பி அடித்துக்கொண்டிருப்பார்கள். கப்பல்கள் நகர்ந்துகொண்டிருந்தால் சில அம்பு வீணாகும், ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது. கப்பல்களைத் தானாகச் சண்டை போட விடாதீர்கள். ஒவ்வொரு இலக்கையும் நீங்களே ரைட் கிளிக் செய்யுங்கள்.

5. முதல் இருபது நிமிடம்: மரம், மீன், தங்கம்

அசல் விளையாட்டில் ஆள் எண்ணிக்கை வரம்பு 50. புதிய பதிப்பில் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் 50-க்குள் திட்டம் போடுவது நல்ல பயிற்சி. என் பிரிப்பு இது: வில்லேஜர் 22, மீன்பிடிப் படகு 4, வணிகப் படகு 4, போர்க்கப்பல் 18, பூசாரி 2.

வீடு ஒன்றுக்கு 30 மரம், நான்கு பேருக்கு இடம். டவுன் சென்டர் நான்கு பேரைத் தாங்கும். ஐம்பது பேருக்கு 12 வீடு, அதாவது 360 மரம். இதைச் சேர்த்துக் கணக்குப் போடாதவர்கள்தான் "மரம் எங்கே போகிறது" என்று திகைப்பார்கள்.

தொடங்கியதும் வில்லேஜர்களில் ஐந்து பேரை மரத்துக்கு அனுப்புங்கள், இருவர் வீடு கட்டட்டும், ஒருவர் தங்கத்துக்கு. டவுன் சென்டரில் வில்லேஜர் உற்பத்தி நிற்கவே கூடாது, ஒருவருக்கு 50 உணவு. டாக்கில் 50 மரம் வீதம் நான்கு மீன்பிடிப் படகு. அவை தீவின் மேற்குப் பக்கம் மீன் பிடிக்கட்டும், நீரிணைக்குள் விடாதீர்கள்.

அப்புறம் மார்க்கெட்டில் வுட்வொர்க்கிங், 120 உணவும் 75 மரமும். புதியவர்கள் இதை மரம் வெட்டும் வேகத்துக்கு மட்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். அது எறிபடைகளின் தூரத்தையும் ஒரு கட்டம் கூட்டுகிறது. வீல் ஆய்வும் இங்கேயே, 175 உணவு, 75 மரம். வில்லேஜர்கள் நடக்கும் வேகம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறும்.

டாக்கில் வார் கேலி மேம்பாடு: 150 உணவு, 75 மரம். ஏற்கனவே இருக்கும் ஸ்கவுட் ஷிப்புகள் எல்லாம் அப்படியே வார் கேலியாக மாறிவிடும். முதல் தாக்குதலுக்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். என் மேப்பில் அது பன்னிரண்டாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்தது.

தங்கத்துக்குத்தான் எகினா. நூறு மரத்துக்கு ஒரு வணிகப் படகு, நான்கு கட்டுங்கள். எகினாவின் டாக்கில் ரைட் கிளிக் செய்தால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பண்டத்தைக் கொண்டுபோய்த் தங்கமாக மாற்றி வரும். என்ன பண்டம் என்று படகைத் தேர்ந்தெடுத்து நீங்களே சொல்ல வேண்டும். மரத்தைத் தவிர எதை வேண்டுமானாலும் கொடுங்கள், மரம் கப்பலுக்கு வேண்டும்.

6. இரும்பு யுகம்: எப்போது, எவ்வளவு

இரும்பு யுகத்துக்குப் போக 1000 உணவும் 800 தங்கமும், வெண்கல யுகக் கட்டடம் இரண்டும் வேண்டும். கவர்ன்மென்ட் சென்டர் 175 மரம், கோயில் 200 மரம். இந்த இரண்டையும் எடுங்கள். அகாடமி பக்கம் போகாதீர்கள், தரைப்படைக்கு இங்கே வேலையே இல்லை.

தங்கம் சேரும்வரை கப்பல் கட்டாமல் காத்திருப்பது ஒரு பெரிய பொறி. நான்காவது ஆட்டத்தில் அப்படித்தான் செய்தேன். 790 தங்கம் கையில் இருந்தபோது ஒரே டாக்கும் போனது. எப்போதும் எட்டு வார் கேலியாவது மிதந்துகொண்டிருக்க வேண்டும். ஒன்று 135 மரம், எட்டுக்கு 1080. அதற்குமேல் வரும் மரத்தைத்தான் கட்டடத்துக்கு.

இரும்பு யுகம் வந்ததும் முதல் செலவு ட்ரைரீம் மேம்பாடு, 250 உணவு, 100 மரம். உயிர் 200 ஆகும், அடி 12 ஆகும். வேறு எதையும் இதற்கு முன் வாங்க வேண்டாம்.

7. நீரிணையில் நிற்பது

இப்போதுதான் மிஷனின் உயிர்.

கினோசூராவுக்குப் பின்னால், வளைவின் உள்பக்கம் கப்பல்களை நிறுத்துங்கள். வாயில் நிறுத்தக் கூடாது. வாயில் நின்றால் வெளியிலிருந்து பத்துப் பதினைந்து எதிரிகள் ஒரே நேரத்தில் உங்களை எட்டுவார்கள். உள்ளே தள்ளி நின்றால் அவர்கள் சிட்டாலியாவின் இரண்டு பக்கமும் பிரிந்து, மூன்று நான்காகத்தான் வளைவைத் தாண்டி வர முடியும். வருகிற மூன்றையும் உங்கள் பத்தும் சேர்ந்து அடிக்கும்.

கப்பல்களை இரண்டு குழுவாகப் பிரித்து, கண்ட்ரோல் பிடித்துக்கொண்டு 1, 2 என்று எண் கொடுங்கள். முதல் குழு அடிக்கும். இரண்டாவது குழு பின்னால் நிற்கும். உயிர் பாதிக்குக் கீழே போன கப்பலைத் தனியாக எடுத்துப் பின்னால் கொண்டுவந்து, கரையோரம் நிற்கும் வில்லேஜரால் பழுதுபாருங்கள். இரண்டாவது குழுவிலிருந்து ஒன்று அதன் இடத்துக்குப் போகட்டும். கிரேக்கக் கப்பலின் வேகம் பயன்படும் இடம் இதுதான்: துரத்துவதற்கு அல்ல, பின்வாங்குவதற்கு.

கினோசூராவின் முனையில் இரண்டு காவல் கோபுரம். ஒன்று 150 கல், கையில் இருக்கும் 300 அதற்காகத்தான். முதலில் தானியக் களஞ்சியத்தில் வாட்ச் டவர் ஆய்வை முடிக்க வேண்டும்.

கோயில் கட்டியாகிவிட்டதல்லவா, இரண்டு பூசாரிகளை, ஒருவருக்கு 125 தங்கம், கோபுரங்களுக்குப் பின்னால் நிறுத்துங்கள். கரையிலிருந்தபடியே அவர்கள் எதிரிக் கப்பலை நம் பக்கம் மாற்றிவிடுவார்கள். ஒரு பாரசீக ட்ரைரீம் மஞ்சள் பாயோடு வளைவில் நுழைந்து, பூசாரியின் கை உயர்ந்திருக்க, மூன்று நான்கு விநாடியில் நீலமாக மாறி, தன் பின்னால் வந்த கப்பலின்மீதே அம்பு விட்டதை முதல்முறை பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மாறிவந்த கப்பலை முன்வரிசையிலேயே விடுங்கள், எதிரியின் அடியை அது வாங்கட்டும்.

அடுத்த டாக்கை எங்கே கட்டுவது? தீவின் மேற்குக் கரையில். நீரிணைக்குள் கட்டினால் புதிதாக வரும் கப்பல் ஒவ்வொன்றும் சண்டை வரிசையின் நடுவில் பிறந்து வழியை அடைக்கும். டாக்கும் அம்பு வாங்கும்.

இனி என்னை ஆறு முறை தோற்கடித்த இடம். இரண்டாவது அலை உடைந்ததும் ஒரு பாரசீகக் கப்பல் தப்பி ஓடும். உயிர்ப் பட்டை முழுக்கச் சிவப்பாக, இன்னும் ஒரு சுற்று அடித்தால் போதும் என்ற நிலையில் இருக்கும். உங்கள் கப்பல் வேகமானது, பிடித்துவிடும் என்று தெரியும். விடுங்கள். அதைத் துரத்தி நான்கு கப்பல் சிட்டாலியாவைத் தாண்டும், தாண்டியதும் அங்கே நிற்கும் மூன்றாவது அலை முழுக்க அவற்றின்மேல் திரும்பும். மீதிக் கப்பல்களைக் காப்பாற்ற அனுப்புவீர்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். கப்பல்கள் தாமாகவே துரத்திப் போகும் பழக்கமும் உண்டு, அதனால் ஒவ்வொரு அலை முடிந்ததும் இரண்டு குழுவையும் அழைத்துப் பழைய இடத்தில் நிறுத்துவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு அலைக்குப் பிறகும் புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள்.

8. வெளியே போவது எப்போது

எதிரிகள் இருவரும் சேர்ந்து அனுப்பும் அலையில் கப்பல் எண்ணிக்கை நான்குக்குக் கீழே இறங்கினால் அவர்கள் மரம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது ஐம்பதாவது நிமிடத்தை ஒட்டி நடந்தது. உங்களிடம் பதினான்கு ட்ரைரீமாவது இருந்தால் கிளம்பலாம், குறைவாக இருந்தால் இன்னொரு அலையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்கை உடைக்க ட்ரைரீம் மட்டும் போதாது, வெகுநேரம் ஆகும். டாக்கில் அதற்குரிய ஆய்வை முடித்து, மூன்று கேட்டபல்ட் ட்ரைரீம் கட்டுங்கள். ஒன்றுக்கு 135 மரம், 75 தங்கம். இவை நகரும் கப்பலை அடிப்பதில் மோசம், அசையாத கட்டடத்துக்குப் பொருத்தம். ட்ரைரீம்கள் முன்னால் போய் டாக்கின் வாயை அடைத்து நிற்கட்டும், கல் எறியும் கப்பல்கள் பின்னாலிருந்து அடிக்கட்டும். ஃபினீசியரின் டாக் பக்கத்தில்தான் இருக்கும், அதைத் தொடாதீர்கள். அவர்களின் கேட்டபல்ட் கப்பல்கள் உங்கள் அசையாத வரிசையைத்தான் தேடும். பாரசீக டாக் மட்டும் விழுந்தால் போதும், மிஷன் முடிந்துவிடும்.

கடைசிக் கல் விழும்வரை ஒரு கண் தீவின்மேல் இருக்கட்டும். நீரிணையில் நான்கு கப்பலும் கோபுரங்களும் பூசாரிகளும் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.